மணலில் புதையும் சக்கரம்

மாசிமகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் நிற்க இடம் கிடைப்பது கடினம். திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் கடலாட வருகிறார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பது தலபுராணம். ஆகவே இங்குள்ள பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. எதிர்கொண்டு அழைத்து, தோளில் ஏற்றி, மணலைக் கடந்து அலையோரம் கொண்டுபோகிறார்கள். தேரில் வரும் சாமியானாலும் மணலில் தோள்தான் வாகனம்.

அதே நாளில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் நான்கு பேர் தூக்கினால்தான் அலையோரம் போகமுடியும். தூக்குபவர்களின் அன்பில் குறையே இல்லை. ஆனால் எப்போது போவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புவது என்ற மூன்று முடிவுகளும் தூக்குபவர்கள் கைக்குப் போய்விடுகின்றன. அவர்களுக்குக் கை வலித்தால் தரிசனம் முடிந்தது. சாமிக்கு மரியாதையாக இருக்கும் ஒன்று மனிதருக்குச் சுதந்திரக் குறைவாகிவிடும் இடம் இது. சக்கரம் ஏன் மணலில் புதைகிறது, புதையாத சக்கரத்தையும் பாதையையும் யார் வரைய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை இந்த அத்தியாயம் சேர்த்தே பார்க்கப்போகிறது. முதல் கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லும். இரண்டாவதற்கு விடை சொல்லாமல் முதல் விடையால் பயனில்லை என்பது என் முடிவு.

முதலில் மணல். காளமேகப் புலவர் வசை பாடியதால் மண்மாரி பொழிந்து இந்த ஊர் அழிந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மணலோடு மல்லுக்கட்டுவது இவ்வூருக்குப் புதிதல்ல.

சிமெண்டுத் தரையில் உருளும் சக்கரத்துக்குக் கீழே தரை கிட்டத்தட்ட அசையாது. உலர்ந்த மணலில் அப்படி இல்லை. ஒவ்வொரு மணற்பரலும் பக்கத்துப் பரலைத் தொட்டுக்கொண்டு மட்டுமே நிற்கிறது, ஒட்டிக்கொண்டு இல்லை. எடை ஏறியதும் பரல்கள் பக்கவாட்டில் நழுவுகின்றன, சக்கரம் இறங்குகிறது. இறங்கிய சக்கரத்துக்கு முன்னால் ஒரு மணல் மேடு எழுகிறது. அந்த மேட்டில் ஏற முயன்றால் அதுவும் சரிந்து அடுத்த மேடு முளைக்கிறது. ஆக, மணலில் போகும் சக்கரம் சமதளத்தில் போகவே இல்லை. தான் வெட்டிய குழியிலிருந்து முடிவில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

எழுபது கிலோ மனிதரும் இருபது கிலோ நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைப்போம். வழவழப்பான கெட்டித் தரையில் இதை உருட்டத் தேவைப்படும் விசை மொத்த எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. அதாவது ஒன்று, ஒன்றரை கிலோவைத் தூக்கும் அளவு. கட்டடங்களுக்கான சாய்தள அளவாகச் சொல்லப்படும் 1:12 ஏற்றத்தில், அதாவது ஓரடி உயர பன்னிரண்டடி நீளம் உள்ள ஏற்றத்தில், ஏழரை கிலோ அளவு கூடுகிறது. தளர்ந்த உலர் மணலிலோ தடை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டுத் தாண்டும். பதினெட்டு கிலோவுக்கு மேல், ஒவ்வொரு தள்ளலுக்கும், கையால், இடைவெளி இல்லாமல்! நடப்பவருக்கு ஐந்து நிமிடமாகும் மணல் இவருக்கு மலையேற்றம்.

இதில் பெரிய குற்றவாளி பின்னால் இருக்கும் பெரிய சக்கரம் அல்ல. முன்னால் இருக்கும் சிறிய சக்கரம்தான். ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் சாதாரண நாற்காலியின் முன்சக்கரம் அங்குலக் கணக்கில் குறுகியது, கெட்டி ரப்பர். உட்காருபவரின் எடையில் கணிசமான பங்கு அதன் மேல்தான் விழுகிறது. விட்டம் சிறியதும் அகலம் குறைந்ததுமான சக்கரம் மண்ணில் ஆழமாக இறங்கும். இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மெச்சிஸ்லாவ் பெக்கர். மென்மையான தரையில் வாகனம் ஓடும் இயலுக்கு 1950-களில் அடித்தளம் போட்டவர் அவர். பிறகு நிலாவில் ஓடிய ரோவர் வண்டியின் வடிவமைப்பிலும் அவருடைய பங்கு உண்டு. நிலா மண்ணுக்குச் சக்கரம் செய்த அறிவு பட்டினச்சேரி மணலுக்கும் பொருந்தும். ஆள் மட்டும் மாறுகிறார்.

பெக்கரைப் படிக்காமலே இந்த அறிவு கைவசம் உள்ளவர்கள் இரு தரப்பினர். ஒரு தரப்பு மீனவர்கள். ஃபைபர் படகைக் கரையேற்ற அகல டயர் டிராக்டரைக் கொண்டுவருகிறார்கள், சைக்கிள் டயரை நம்புவதில்லை. எந்த மணல் தாங்கும், எது உள்வாங்கும் என்பது அவர்களுக்குக் கால்பழக்கம். ஈரம் லேசாகப் படிந்த மணலில் நீர்ப்படலம் பரல்களைப் பிடித்து வைக்கிறது. அங்கே நடை எளிது. சாலைக்கும் ஈரமணலுக்கும் நடுவே கிடக்கும் உலர்பட்டைதான் சிக்கல். இன்னொரு தரப்பு, பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியிலேயே வாழ்பவர்கள். மணலோ சேறோ வந்தால் அனுபவசாலிகள் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டுவார்கள். பெரிய சக்கரம் முன்னால் போய்ப் பாதை போடும், சிறிய சக்கரம் இழுபட்டு வரும். சிலர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார்கள். பெக்கரின் சமன்பாடு சொல்வதை அவர்களுடைய முதுகும் தோளும் சொல்கின்றன.

இந்த இரண்டாம் தரப்பின் அறிவிலிருந்து ஒரு நாற்காலியே பிறந்திருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966-இல் மோட்டார்சைக்கிள் விபத்தில் கால் இயக்கத்தை இழந்தவர். 1980-இல் நிகராகுவாவுக்குப் போனபோது, நான்கு இளைஞர்கள் ஒரே சக்கர நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு வாழ்வதைக் கண்டார். அந்த மேடுபள்ளத் தெருக்களில் அந்த நாற்காலி ஓடவேண்டுமே! அவர்களோடு உட்கார்ந்து வடிவமைக்கத் தொடங்கியதுதான் பின்னாளில் 'வேர்ல்விண்ட்' என்ற வலையமைப்பாக வளர்ந்தது. பல நாடுகளில் நாற்காலியில் இருப்பவர்களே பட்டறை வைத்து நாற்காலி செய்தார்கள். அவர்கள் திருத்தித் திருத்தி எட்டிய 'ரஃப்ரைடர்' வடிவத்தில் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் அதிகம், ஆகவே குப்புறக் கவிழாது. முன்சக்கரம் அகலமானது, வளையும் ரப்பர். அந்தச் சக்கரம் ஜிம்பாப்வேயில் உருவானதால் 'ஜிம்பாப்வே சக்கரம்' என்றே பெயர். பழுதானால் சைக்கிள் கடையில் கிடைக்கும் உதிரிபாகம் போதும். சைக்கிள் கடையைப் பற்றிய அந்தக் கடைசி முடிவு எந்த ஆய்வகத்திலும் தோன்றியிருக்காது. நாற்காலி உடைந்து வீட்டில் முடங்கிக் கிடந்தவருக்குத்தான் அது முதல் தேவையாகத் தெரியும்.

நம் ஊரில் நிலைமை என்ன? முகாம் போட்டு, வரிசையில் நிற்கவைத்து, ஒரே அளவு நாற்காலியை எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கொடுப்பவர் மனம் நல்லதுதான். ஆனால் இருக்கை அகலம் உடலுக்குப் பொருந்தாவிட்டால் உட்காருபவர் ஒரு பக்கமாகச் சாய்வார். நாளடைவில் முதுகெலும்பு வளையும். உணர்வற்ற இடுப்பில் அழுத்தப்புண் வரும், அந்தப் புண் சீழ்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அளவெடுத்து, பொருத்திப் பார்த்து, பயிற்சி கொடுத்து, பிறகும் தொடர்ந்து கவனித்தால்தான் அது சரியான நாற்காலி என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி வெளியிட்டது. வாசற்படி எத்தனை, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்காமல் கொடுத்த நாற்காலி திண்ணையோரம் துரு ஏறிக் கிடக்கும்.

அப்படிக் கிடப்பதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபிலிப்ஸ், ஜாவோ என்ற இரு ஆய்வாளர்கள் 227 பேரிடம் உதவிக் கருவிகள் பற்றிக் கேட்டு 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாங்கியவற்றில் 29.3 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தன. கைவிடுவதோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்ட நான்கு காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் விட்டது. இன்னொன்று, கருவி மிக எளிதாகக் கைக்கு வந்தது. யோசிக்க அவகாசமே தராமல் கையில் திணிக்கப்படும் கருவி நிலைப்பதில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். நம் இலவச முகாம்களை நடத்துபவர்கள் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

மாறிவரும் காட்சிகளும் இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி, கருவி உருவாக்க மையம் 2019-இல் 'அரைஸ்' என்ற நாற்காலியைக் கொண்டுவந்தது. உட்கார்ந்திருப்பவர் யார் துணையும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், தன் கையாலேயே தன்னை நிற்கும் நிலைக்கு உயர்த்திக்கொள்ளலாம். நிற்பதால் ரத்த ஓட்டமும் செரிமானமும் சீராகும், எலும்பு வலுவிழப்பதும் அழுத்தப்புண்ணும் குறையும். ரேஷன் கடைக் கவுண்டரில் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம் என்பதை மருத்துவப் பட்டியல் சேர்க்காது. நான் சேர்க்கிறேன். அதே மையத்திலிருந்து பிறந்த 'நியோமோஷன்' நிறுவனம் 2021-இல் இரண்டு கருவிகளை வெளியிட்டது. ஒன்று 'நியோஃப்ளை', உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் நாற்காலி. மற்றது 'நியோபோல்ட்'. நாற்காலியின் முன்னால் மாட்டினால் அது மணிக்கு 25 கிலோமீட்டர் போகும் மின்வண்டியாகிவிடும். மாட்டியதும் அந்தச் சிறிய முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடுகின்றன, பெரிய ஒற்றைச் சக்கரம் பாரத்தை ஏற்கிறது. பின்னுக்குச் சாய்ந்து முன்சக்கரத்தைத் தூக்குபவர்களின் பழைய உத்தி இங்கே இயந்திரமாகியிருக்கிறது.

சரி, கடற்கரைக்கு இதில் எது? பலூன் போன்ற அகல டயர் பூட்டிய கடற்கரை நாற்காலிகள் உலகெங்கும் உண்டு. காற்றழுத்தம் குறைந்த அந்த டயர்கள் மணலில் புதைவதில்லை. ஆனால் பெரும்பாலானவற்றைப் பின்னாலிருந்து இன்னொருவர்தான் தள்ளவேண்டும், உட்கார்ந்திருப்பவர் கையால் உருட்ட வழியில்லை. நான்கு தோள்கள் இரண்டு கைகளாகக் குறைகின்றன, அவ்வளவே. தானே போகவேண்டும் என்றால் சக்கரத்தை விட்டுவிட்டுத் தரையை மாற்றவேண்டும்.

சென்னை மெரினாவில் அதுதான் நடந்தது. மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பினர் பல ஆண்டுகள் கேட்டார்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தற்காலிகப் பாதை போட்டுப் பிறகு எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஆண்டுக்குச் சில நாள் கடல் போதுமா என்று அவர்கள் கேட்டதற்குப் பதிலாக 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அவ்வளவு நீளம் ஏன் வேண்டியிருந்தது என்பதே ஒரு அறிவியல் பாடம். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அலைகள் மணலை வடக்கு நோக்கித்தான் நகர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது, சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது.

திறந்த இரண்டாவது வாரத்திலேயே மாண்டஸ் புயல் வந்தது. டிசம்பர் 9 இரவு கரையைக் கடந்தபோது பாதையின் கடல்பக்க முனை சேதமடைந்தது. கோடி ரூபாய் வீண் என்று பேசியவர்கள் அன்று நிறையப் பேர். புயலில் சாலை பெயர்ந்தால் சாலையே வீண் என்று யாரும் சொல்வதில்லை, செப்பனிடுகிறோம். இந்தப் பாதையும் செப்பனிடப்பட்டது. புயல் சொன்ன பாடம் வேறு: வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடைசிப் பகுதியைக் கழற்றி எடுத்துவைக்கும்படி, துண்டு துண்டாகப் பாதை அமைக்கலாம்.

திருமலைராயன்பட்டினத்தில் இப்படியொரு பாதை போடுவதானால் மெரினாவின் வரைபடத்தைக் கொண்டுவந்து விரிக்கமுடியாது. மெரினா உலாவும் கரை. பட்டினச்சேரி உழைக்கும் கரை. படகு ஏறும் இடம் எது, வலை உலர்வது எங்கே, டிராக்டர் எந்தப் பக்கம் திரும்பும், தீர்த்தவாரிக் கூட்டம் எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் மீனவப் பஞ்சாயத்தாருக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் போட்ட பாதையின் மேல் அடுத்த நாளே படகு நிற்கும், அதில் அவர்கள் தவறும் இல்லை. எங்கே திரும்ப இடம் வேண்டும், எத்தனை அடிக்கு ஒருமுறை இளைப்பாறத் தட்டையான தளம் வேண்டும், வெயிலில் சூடேறும் கைப்பிடியைப் பிடிக்கமுடியுமா என்பதெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியும். பார்வையற்றவருக்குப் பாதை விளிம்பைக் கோலால் உணர ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பு நாற்காலிச் சக்கரத்தை இடறக்கூடாது. இவர்கள் எல்லோரும் ஒரே மணலில் நின்று பேசினால் இந்த முரண் அரை மணி நேரத்தில் தீரும். தனித்தனி மனுக்களாக வந்தால் அலுவலக மேசையில் ஆண்டுக்கணக்கில் தீராது.

இப்படிச் சேர்ந்து செய்ததற்கு, திருமலைராயன்பட்டினம் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. இடம் கொடுத்ததும் நடத்தியதும் ஊர் மக்கள். எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில் மீனவர்களின் முதல் தேவை நாளைய அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் முன்கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் கரை முழுதும் கேட்கும்படி வாசித்தார்கள். திரையைப் பார்க்க அறைக்குள் வரச்சொல்லவில்லை. வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து சுனாமி பற்றிப் போன் வந்தது. மக்கள் மையத்தின் கதவை உடைத்து அந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஊரிலிருந்த 3,600-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். அதே காலை காரைக்கால் கரையில் எச்சரிக்கை இல்லை. புதுச்சேரி பிரதேசத்தில் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் காரைக்கால் மக்கள்.

நல்லவாடு வெற்றியையும் இன்னொரு கண்ணால் பார்க்கவேண்டும். ஒலிபெருக்கி காது கேட்பவருக்குத்தான் எச்சரிக்கை. காது கேளாத ஒருவர் வீட்டில் தனியே தூங்கிக்கொண்டிருந்தால்? இப்போது செல்பேசி கோபுரத்திலிருந்து ஒரு பகுதியிலுள்ள எல்லாப் பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் செல் ஒலிபரப்பு வந்துவிட்டது. பேசி அதிரும், தமிழில் எழுத்து வரும். அதிர்வு காது கேளாதவரை எழுப்பும், வாசித்துக்காட்டும் குரல் பார்வையற்றவருக்குச் சேதி சொல்லும். சங்கோடு மின்னும் விளக்கும் வைக்கலாம். அந்த விளக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது, மின்னினால் சிலருக்கு வலிப்பு தூண்டப்படும். ஒரு சேதியைக் கண், காது, தொடுகை மூன்றுக்கும் தனித்தனியே கொண்டுசெல்வதுதான் இங்கே பொறியியல். எழும்பியவர் எப்படி ஓடுவார், அவர் வீட்டிலிருந்து புயல் காப்பகம் வரை சக்கரம் போகுமா என்பது மறுபடியும் தரையின் கேள்வி.

பிறர் வடிவமைத்ததை உரியவர் திருத்தியபோது நடந்ததற்கு வரலாற்றில் மிகப் பெரிய சான்று பிரெய்ல். தொட்டுப் படிக்க சார்லஸ் பார்பியே என்ற பிரெஞ்சுப் படைவீரர் பன்னிரண்டு புள்ளி எழுத்தை உருவாக்கினார். பார்வையற்ற மாணவன் லூயி பிரெய்லின் விரல்நுனிக்குள் அத்தனை புள்ளிகள் ஒரே தொடலில் அடங்கவில்லை. 1824-இல், பதினைந்து வயதில், அவன் அதை ஆறு புள்ளிகளாக்கினான். இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளில்தான் படிக்கப்படுகிறது. சென்னையில் பேச்சுத்திறன் குறைந்த குழந்தைகளுக்காக அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' கருவியும் ஆய்வகத்தில் தனியே முளைக்கவில்லை. மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு 1985 முதல் உழைத்துவரும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து வளர்ந்தது. எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் 2011-இல் அவரை இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்த்தது.

இதெல்லாம் விருப்பமுள்ளவர் செய்யும் தருமமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகுதன்மையை உரிமையாக்கியது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 15-ஆம் விதி, அணுகுதன்மை அளவுகோல்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. கட்டாயமான அளவுகோல்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. வகுக்கும்போது உரியவர்களைக் கலந்தே வகுக்கவும் சொன்னது.

கொம்யூன் பஞ்சாயத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், பொறியியல் படிக்கும் காரைக்கால் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரைப் பாதையோ, பேருந்து நிறுத்தமோ, எச்சரிக்கைச் சங்கோ, எதைத் திட்டமிட்டாலும் டெண்டர் அச்சாகும் முன் ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிடுங்கள். திறப்பு விழாவில் சால்வை போர்த்த வேண்டாம், அளவெடுக்கும் நாளில் டேப்பின் ஒரு முனையை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் வந்துபோகும் செலவையும், அன்றைய வேலைக்கான கூலியையும் மதிப்பீட்டுத் தொகையிலேயே சேர்த்து எழுதுங்கள்.